தவழும் பிள்ளை உள்ள வீட்டில் ஸ்பீக்கரைப் பாதுகாப்பது எப்படி?

உட்கார்ந்து பாட்டுக் கேட்பவரின் காது, தரையிலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். ட்வீட்டரையும் (உச்ச ஒலி தரும் சிறிய, புடைத்த பாகம்) அந்த உயரத்துக்கு வருமாறுதான் வைக்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளை நின்றபடி கையை நீட்டினால் விரல் நேராக அங்கேதான் போய்ப் படும். பொத்தான் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை 'அமுக்காதே' என்று சொன்னால் எந்த வாண்டு கேட்கும்? அதட்டலை நம்புவதைவிட ஸ்க்ரூவையும் வலையையும் நம்பலாம்.

ஆனால் முதல் வேலை ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது அல்ல, அது பிள்ளை மேல் சாயாமல் பார்த்துக்கொள்வது. வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

படி 1: அடியில் எடை

ஸ்பீக்கரின் மேல் விளிம்பை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சட்டென்று ஆடினால் பிள்ளை பிடித்து எழுந்து நிற்கும்போது நிச்சயம் விழும். ஸ்டாண்டின் தூண் உள்ளீடற்ற குழாயாக இருந்தால் அதில் மணல் நிரப்புங்கள். சலித்து, நன்றாகக் காயவைத்து, சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டிப் போட வேண்டும். ஈர மணல் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். பாதி உயரம் போதும், எடை கீழே இருப்பதில்தான் பலன்.

ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டின் தட்டுக்கும் நடுவே, போஸ்டர் ஒட்டும் ரப்பர் புட்டியைப் பட்டாணி அளவில் நான்கு மூலையிலும் வையுங்கள். வழுக்கி விழாது. பின்னாளில் எடுக்கும்போது நேராகத் தூக்காமல் பக்கவாட்டில் திருகி எடுங்கள், இல்லையென்றால் வெனீர் (பெட்டி மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல்) உரிந்துவரும். ஸ்டாண்டின் கூரான ஸ்பைக்குகளைக் கழற்றிவிட்டு ரப்பர் கால் போடுங்கள்.

படி 2: சுவரோடு கட்டுதல்

உயரமான ஸ்பீக்கருக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு ஸ்பீக்கருக்கு வேண்டியவை: அலமாரி சாயாமல் கட்டும் நைலான் பட்டை 2, 8 மி.மீ. நைலான் பிளக் 2, 5 × 50 மி.மீ. ஸ்க்ரூ 2.

சுவரில் 8 மி.மீ. பிட்டால் 60 மி.மீ. ஆழம் துளையிட்டு, உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்துவிடுங்கள். தூள் தங்கினால் பிளக் முழுதாக இறங்காது. சுவரைத் தட்டும்போது 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றுங்கள்.

ஸ்பீக்கரின் பின்புறம், மேல் கால்பாகத்தில் பட்டையை மாட்டுங்கள். சுவர் பிராக்கெட்டுக்கான மரை ஏற்கெனவே இருந்தால் அதுவே உத்தமம். இல்லாவிட்டால் 4 × 15 மி.மீ. ஸ்க்ரூ, பட்டை ஒன்றுக்கு இரண்டு. பெட்டியின் பலகை பெரும்பாலும் 18 மி.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நீளமான ஸ்க்ரூ உள்ளே துளைத்துக்கொண்டு போனால் காற்றுக் கசிந்து 'உஸ்' சத்தம் வரும். முதலில் 2.5 மி.மீ. துளை போடாமல் நேராக முறுக்கினால் எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திச் செய்த பலகை) பிளந்துவிடும்.

ஒரே பட்டை முன்பக்கம் சாய்வதை மட்டுமே தடுக்கும். பிள்ளைகள் பக்கவாட்டிலும் தொங்குவார்கள். அதனால் சுவரில் இரு துளைகளையும் 40 செ.மீ. தள்ளிப் போட்டு, பட்டைகளை 'வி' வடிவில் விரித்துக் கட்டுங்கள். தொய்வு 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

படி 3: விரல் நுழையாத கிரில்

ஸ்பீக்கரோடு கூடவே வந்த துணி கிரில் (முன்மூடி) தூசியைத் தடுக்கும், விரலைத் தடுக்காது. துணிக்குப் பின்னால் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு வைப்பதுதான் வழி. இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம்: ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்து ட்வீட்டர் மேலேயே அறையலாம். தகட்டின் பரப்பில் பாதியாவது ஓட்டையாக இருக்கட்டும், இல்லையேல் ஓசை மழுங்கும். வூஃபர் முன்னும் பின்னும் அசைய இடம் வேண்டுமே; கூம்பிலிருந்து தகடு குறைந்தது 15 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டாவிட்டால் கனமான பாஸ் (தாழ்ந்த ஒலி) வரும்போது 'கிர்ர்' என்று அதிரும்.

கிரில்லைப் பிடிக்கக் குட்டிக் காந்தம் போடச் சொல்வார்கள். சிறு பிள்ளை உள்ள வீட்டில் கூடாது. கழன்று, இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். ஸ்க்ரூ போதும்.

படி 4: போர்ட், வயர், வால்யூம்

பாஸ் போர்ட் (பெட்டியிலிருந்து காற்று வெளியேற விட்ட குழாய்) ஓட்டை பிள்ளைக்கு உண்டியல். கார் பொம்மை, பிஸ்கட், ரிமோட் எல்லாம் உள்ளே போகும். ஃபோம் அடைப்பானைச் செருகுங்கள். பாஸ் கொஞ்சம் குறையும். ஏதாவது விழுந்துவிட்டால் குச்சியால் குத்தாமல், ஸ்பீக்கரைக் கழற்றி, போர்ட் கீழே பார்க்கச் சாய்த்துக் குலுக்குங்கள்.

வயரை சுவரோரக் கேசிங்குக்குள் விடுங்கள். வெளியே உருவிய இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டால் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) பழுதாகலாம். ஸ்பீக்கர் வயரின் முனையில் மாட்டும் பனானா பிளக்கின் 4 மி.மீ. பின், வட்டத் துளை கொண்ட மின்சார பிளக் பாயிண்ட்டுக்குள் நுழையக்கூடியது; ஆம்பிலிருந்து கழற்றிய வயரை ஒருபோதும் தரையில் விட்டுவைக்காதீர்கள்.

ஆம்ப் மெனுவில் உச்ச வால்யூம் வரம்பு இருந்தால் வைத்துவிடுங்கள். நாபை முழுசாகத் திருகினால் ஆம்ப் திணறி, ட்வீட்டரின் கம்பிச்சுருள் சூடேறி எரிந்துபோகும். ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏற்கெனவே குழி விழுந்துவிட்டதா?

ட்வீட்டரின் புடைப்பு (டோம்) துணியால் ஆனது என்றால் ஆம்பை அணைத்துவிட்டு, பசை குறைந்த மாஸ்கிங் டேப்பை லேசாக ஒட்டி மெதுவாக இழுங்கள். ஒரு முறையில் வராது. நாலைந்து தடவை ஆகும். வாக்குவம் கிளீனரை நேரடியாக வைக்கவே வேண்டாம், டோம் கம்பிச்சுருளோடு பிய்ந்து வரும். உலோக டோமில் மடிப்பு விழுந்தால் முழுசாகப் போகாது. பெரிலியம் டோம் உடைந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. பிள்ளையை அறையிலிருந்து வெளியேற்றிவிட்டுத் தயாரித்த நிறுவனத்தைக் கேளுங்கள். வூஃபர் நடுவிலுள்ள தூசி மூடி மட்டும் அமுங்கியிருந்தால் பெரும்பாலும் பார்வைக்குத்தான் அசிங்கம்; ஒலி சரியாக இருந்தால் நோண்டாமல் விட்டுவிடலாம்.