விராலடிப்பான் கூடு காலியாகும் நாட்கள்: வேலூரில் இருந்தபடி நேரலையில் பார்ப்பது எப்படி?

விராலடிப்பான் (ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) நம் பக்கம் கூடு கட்டுவதில்லை. மழைக்காலத்தை ஒட்டி வந்து, ஏரிகளில் மீன் பிடித்துவிட்டு, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுகிற பறவை அது. ஜோடியாக, குஞ்சுகளோடு பார்க்க வேண்டுமென்றால் கூட்டுக்கு மேலே கேமரா வைத்து யூடியூபில் காட்டுகிறவர்களை நம்பியாக வேண்டும். நான் காட்பாடியில் என் வீட்டு மாடி அறையில் இருந்தபடி மூன்று வருடமாக ஸ்காட்லாந்துக் கூடு ஒன்றைப் பார்த்து வருகிறேன். எல்லோரும் முட்டை பொரியும் மே மாதத்தில் பார்க்கத் தொடங்கி ஜூலையில் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்டும் செப்டம்பரும்தான் பார்க்க வேண்டிய மாதங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

1. கூட்டைத் தேர்ந்தெடுப்பது

யூடியூபில் ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே, நெஸ்ட், லைவ் என்று போட்டுத் தேடுங்கள். ஸ்காட்லாந்தின் லாக் ஆஃப் த லோவ்ஸ், லாக் ஆர்கைக், இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் எல்லாம் பெயர் பெற்ற கூடுகள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்தப் பறவையின் முகமும் மனதில் நிற்காது. வீடியோவில் சிவப்பு நிறத்தில் 'லைவ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற சேனல்களும் இருக்கின்றன.

2. நேரம்

பிரிட்டனில் கோடை நேரம் நடக்கும்போது நாம் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகஸ்ட் நடுவில் அங்கே விடியும்போது நமக்குக் காலை பத்தரை மணி நெருங்கியிருக்கும். அங்கே இருட்டும்போது நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஆக, வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தாலும் அவர்களின் பிற்பகல் முழுவதும் உங்களுக்குத்தான். இரவு ஒன்பதுக்கு மேல், அங்கே சாயங்கால மீன் வரும் வேளை. நான் அதைத் தவறவிடுவதில்லை.

ஆகஸ்டில் நம் ஊரில் சாயங்கால இடிமழையும் கரண்ட் கட்டும் சேர்ந்தே வரும். வைஃபை போனால் போனில் வீடியோ தரத்தை 480-இல் வைத்துப் பாருங்கள், டேட்டா தாங்கும். விட்டுப்போன நேரத்தைப் பல சேனல்களில் பின்னால் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

3. யார் யார்

பெண் உடம்பில் பெரியது, மார்பில் பழுப்புப் பட்டை அழுத்தமாக இருக்கும். ஆண் ஒல்லி, மார்பு பெரும்பாலும் வெள்ளை. ஆகஸ்டில் குஞ்சுகளும் தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்துவிடுவதால் அளவை வைத்துப் பிரிக்க முடியாது. முதுகைப் பாருங்கள்: குஞ்சின் இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய ஓரம் இருக்கும், செதில் செதிலாகத் தெரியும். கண்ணும் ஆரஞ்சு நிறம். பெரியவற்றுக்கு மஞ்சள் கண்.

காலில் நீல வளையம் இருந்தால் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் பிறந்தவற்றுக்கு இடது காலில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்தவற்றுக்கு வலது காலில் மாட்டுகிறார்கள்.

4. தாய் காணாமல் போகும் நாள்

என்னை உண்மையில் தடுக்கி விழவைத்தது இந்த இடம்தான்.

முதல் வருடம், ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பெண் பறவையைக் காணோம். மறுநாளும் இல்லை. குஞ்சுகள் கூட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கின்றன. ஏதோ விபத்து, அடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் சரியில்லை. "பாவம், தாயில்லாப் புள்ளைங்க" என்று அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஆண் பறவை பெரிய மீனைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அமைதியாகப் பறந்து போனது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்த இனத்தில் தாய்தான் பெரும்பாலும் முதலில் கிளம்பும். முட்டை இட்டு, முப்பத்தைந்து நாளுக்கு மேல் பெரும்பகுதி தானே அடைகாத்து, குஞ்சுகளை மழையிலும் வெயிலிலும் இறக்கையால் மூடிக் காத்த உடம்பு அது. குஞ்சுகள் பறக்கப் பழகியதும் தெற்கே புறப்பட்டுவிடும். குஞ்சுகளுக்கு ஊட்டும் வேலை தகப்பனுடையது. பின்பு குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போகும், கடைசியாகத் தகப்பன். யாரும் யாரோடும் சேர்ந்து போவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல், காம்பியா கரை வரை சுமார் 5,000 கிலோமீட்டர், முதல் முறை போகும் குஞ்சும் தனியாகத்தான் போகிறது.

ஆகவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். அதில் 'போன நாள்' என்று எழுதாதீர்கள், 'கடைசியாகப் பார்த்த நாள்' என்று எழுதுங்கள். கேமராவுக்குத் தெரிவது கூடு மட்டும். பறவை பக்கத்து மரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி வரும். போய்விட்டது என்று பேனாவால் எழுதி நான் அடித்த வரிகள் நிறைய.

இன்னொன்று, ஹெட்போன் போடுங்கள். நல்ல ஸ்பீக்கரை விட ஹெட்போன்தான் என் தேர்வு. கூடு காலியாகத் தெரியும்போதும் தூரத்தில் குஞ்சு விடாமல் கத்துவது காதில் விழும். அந்தச் சத்தம் இருந்தால் அது இன்னும் போகவில்லை.

சேர்த்தது: ஒரு வாசகி, தாய் திரும்பி வந்துவிட்டதாக ஆசையோடு எழுதியிருந்தார். கால் வளையத்தைப் பார்க்கச் சொன்னேன், வளையமே இல்லை. இந்தப் பருவத்தில் வழிப்போக்கில் வரும் வேறு விராலடிப்பான்களும் கூட்டில் இறங்கி உட்காரும். முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்னொருவர், குஞ்சுகள் போன பிறகும் தகப்பன் மீன் கொண்டுவருகிறதே என்று கேட்டார். ஆமாம், சில நாள் கொண்டுவரும். கூட்டில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்க்கும். நானும் பார்த்திருக்கிறேன், அன்று நோட்டில் ஒன்றும் எழுத முடியவில்லை.

5. அக்டோபருக்குப் பிறகு நம் ஏரிக்கரையில்

கூடு காலியானதும் லேப்டாப்பை மூடிவிட்டு ஏரிக்குப் போங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்த்த ஸ்காட்லாந்துப் பறவை இங்கே வராது. நமக்கு வருபவை வடக்கே ஆசியப் பகுதிகளில் இருந்து வருபவை. இனம் ஒன்றுதான்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி கோடி போன பிறகு, தண்ணீர் தெளிந்ததும் போக வேண்டும். கலங்கல் தண்ணீரில் மேலிருந்து மீன் தெரியாது. அதிகபட்சம் ஒரு மீட்டர் ஆழம் வரைதான் இதனால் பாய முடியும். என் முதல் இடம் காவேரிப்பாக்கம் ஏரி. குடியாத்தம் பக்கத்தவர்கள் மோர்தானா அணைக்குப் போகலாம். பைனாகுலர் 8-க்கு 42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்குங்கள். 10 மடங்கு காட்டுவதில் கை நடுக்கம் அதிகம் தெரிகிறது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் உட்காருங்கள்.

செம்பருந்தையும் கரும்பருந்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைப் பிரிப்பது கஷ்டமில்லை. வயிறு வெள்ளை, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, நீண்ட இறக்கை நடுவில் மடங்கியிருக்கும். ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழும். பெயரில் விரால் இருக்கிறதே என்று அதையே எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் ஜிலேபி கெண்டையும் கெண்டையும்தான். மேலே வந்ததும் நாய் போல உடம்பை ஒரு முறை உதறும். அப்புறம் மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி காலுக்குள் திருப்பிக்கொண்டு, ஏரிக்கு நடுவில் பட்டுப்போன மரம் ஏதாவது தேடிப் போகும். அந்த மரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாளும் அங்கேதான் வரும்.