கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலில் கிடக்கும் குப்பை எல்லாம் அங்கே சுண்டல் சாப்பிட்டவர்கள் போட்டதில்லை. நிறைய, கூவத்திலும் அடையாற்றிலும் மிதந்துபோய்க் கடலில் கலந்து அலையோடு திரும்பி வந்தது. அதனால் ஆட்களைத் திரட்டுவதற்கு முன்னால் நாளையும் இடத்தையும் யோசியுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் வரும் காலையில், சீனிவாசபுரம் பக்கம் அடையாறு முகத்துவாரத்தில் கரையோரம் ஒதுங்கியதை அள்ளினால், அது திரும்பக் கடலுக்குள் போகாது. தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், அங்கே இழுப்பு அதிகம்.

அரிசிச் சாக்கு, தடித்த கையுறை, ஷூ, கொத்தனார் மணல் சலிக்கிற சல்லடை, ஊசிக்கும் கண்ணாடிக்கும் தனியாக ஒரு பழைய பெயின்ட் வாளி, இவ்வளவு போதும். குடிக்கத் தண்ணீரை கேனில் எடுத்துப் போங்கள், டம்ளரோடு.

பாட்டிலை யாராவது பொறுக்கிவிடுவார்கள், அதற்கு விலை உண்டு. ஷாம்பு பாக்கெட்டையும் தெர்மாகோல் நொறுங்கலையும் யாரும் சீண்டுவதில்லை. மீன் வயிற்றுக்குள் போவது இந்த மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுதான். அலை கடைசியாக ஏறி நின்ற இடத்தில் பாசியும் சுள்ளியுமாக ஒரு கோடு தெரியும், அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சலியுங்கள். பாசி, கிளிஞ்சல், மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடும்புக் கொடி, எதையும் எடுக்க வேண்டாம். சுத்தம் என்ற பெயரில் கரையை வழித்து மொட்டையாக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் வலை. குப்பத்து மணலில் கிடக்கிற வலை எல்லாம் குப்பையில்லை, கிழிசல் பார்க்க வைத்திருப்பார்கள். "அண்ணே, இது வேணாத வலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் கட்டாயம் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் நைலான் வலை மக்காது, கடலுக்குள் போனால் ஆளே இல்லாமல் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பாதி புதைந்திருந்தால் இழுத்து மல்லுக்கட்டாமல் கத்தியால் அறுத்து அறுத்து எடுங்கள், வெட்டிய நூல்கூட மணலில் நிற்கக் கூடாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண்வெட்டியும் வேண்டாம், பல்வாரியும் வேண்டாம். பங்குனி ஆமை முட்டையிடும் காலம் அது, ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கமாக இருக்கும். மணலில் ஆமையின் துடுப்புத் தடம் கண்டால் கலைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். கருப்பாகப் பிசுபிசுவென்று எதுவும் ஒதுங்கியிருந்தால் கை வைக்காதீர்கள், கடலோரக் காவல்படையின் 1554க்கு அடியுங்கள்.

சரி, பொறுக்கியதை என்ன செய்வது? பலரும் மூட்டையை மணலிலேயே அடுக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், சாயங்காலத்துக்குள் நாயும் மாடும் கிழித்துப் பழைய கதிக்கே வந்துவிடுகிறது. அதனால் இரண்டு நாள் முன்பே மாநகராட்சி வார்டு அலுவலகத்திலோ 1913லோ பேசி வண்டிக்குச் சொல்லி வையுங்கள். பாட்டிலையும் கெட்டி பிளாஸ்டிக்கையும் மணலை உதறித் தனியாகக் கட்டினால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போகிற சுமை அவ்வளவு குறையும்.

ஒரு நோட்டில் என்னென்ன கிடைத்தது என்று எழுதுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அப்படியும் ஒரே இடத்தில் பிளாஸ்டிக் கப் குவிந்து கிடந்தால், இடத்தையும் தேதியையும் குறித்துப் படத்தோடு மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள்.