புள்ளியை எண்ணாதீர்கள், நடுக்கோட்டைப் பாருங்கள்: தரை வண்டுகளில் நேரும் குழப்பங்கள்

தென்னிந்தியப் புதர்க்காட்டில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு பூச்சி ஒன்று ஓடினால் எல்லோரும் முதலில் புள்ளியைத்தான் எண்ணுகிறார்கள். ஆறு என்றால் ஆறு புள்ளித் தரை வண்டு, அதாவது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. ஏழு என்றால் தேரியா பெட்டிவேரியானா என்ற கரப்பான். இந்தக் கணக்கு பல நேரம் காலை வாரிவிடும். வண்டின் புள்ளிகள் வெறும் நிறமல்ல, நெருக்கமாக முளைத்த வெண்மயிர்கள். மண்ணில் உரசி உதிர்ந்துவிட்டால் ஆறு நாலாகிவிடும்.

நம்பத் தகுந்த அடையாளம் முதுகின் நடுவில் இருக்கிறது. வண்டின் இரண்டு முன்னிறகுகளும் நேர்கோட்டில் சந்திக்கும். கரப்பானில் ஒரு சிறகு மற்றதன் மேல் ஏறிக் கிடக்கும், அதனால் கோடு சாய்ந்திருக்கும். தலையையும் பாருங்கள். வண்டின் தலையும் முன்னோக்கி நீண்ட தாடைகளும் மேலிருந்தே தெரியும். கரப்பானின் தலை கழுத்துக் கவசத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். வண்டு 4 செ.மீ. அளவுக்கு வளரும், கரப்பான் அதில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் பக்கத்தில் அளவுகோல் வைக்காத படத்தில் அளவை நம்ப வேண்டாம். அமிலம் பீய்ச்சும் இந்த வண்டைப் போலத் தோன்றித்தான் கரப்பான் எதிரிகளிடமிருந்து தப்பிக்கிறது என்று கருதுகிறார்கள். நம் கண்ணும் ஏமாறுவதில் வியப்பில்லை.

இன்னொரு தவறு, கறுப்பில் மஞ்சள் திட்டு இருந்தாலே பாம்பார்டியர் வண்டு, அதாவது சூடான திரவம் பீய்ச்சும் தரை வண்டு என்று சொல்லிவிடுவது. கிராஸ்பெடோஃபோரஸ் என்ற வேறு தரை வண்டுகளுக்கும் அதே நிறங்கள் உண்டு. இவற்றின் தலையும் முன்மார்பும் கறுப்பு, உடலெங்கும் பூமயிர், முன்னிறகின் நுனி வளைந்து முடியும். பாம்பார்டியரான ஃபெரோப்சோபஸில் தலை மஞ்சள் அல்லது செம்மஞ்சள். முன்னிறகின் நுனி கத்தியால் நறுக்கியதுபோல் நேராக நின்றுவிடுவதால் வயிற்றின் முனை வெளியே தெரியும். சந்தேகம் இருக்கும்வரை விரலால் தொடாதீர்கள். பாம்பார்டியர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குயினோன் என்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருளைப் பீய்ச்சும். தோலில் பழுப்புக் கறை படியும், கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

முழுக் கறுப்பு வண்டுகளில்தான் குழப்பம் அதிகம். தரை வண்டுகளைப் போலவே தோன்றும் டெனிப்ரியோனிட் என்ற வேறு குடும்பத்து வண்டுகள் தரை வண்டு என்ற பெயரில் பதிவேறுவதற்குக் காரணம், யாரும் பின்னங்காலைப் பார்ப்பதில்லை. தரை வண்டுக்கு மூன்று ஜோடிக் கால்களிலும் பாதக் கணுக்கள் ஐந்தைந்து. டெனிப்ரியோனிட்டுக்குப் பின்னங்காலில் மட்டும் நான்கு. 10 மடங்கு லென்ஸில், நகம் தாங்கும் கடைசிக் கணுவையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு பாதம் முறிந்திருக்கக்கூடும் என்பதால் இரண்டு பின்னங்கால்களையும் எண்ணுவது நல்லது. புரட்டிப் பார்த்தால், தரை வண்டின் பின்தொடை தொடங்குமிடத்தில் அவரை விதை வடிவில் பெரிய துண்டு ஒன்று துருத்தி நிற்கும்.

ஓடும் வண்டை மேலிருந்து ஒரே படம் எடுத்துவிட்டுப் பெயர் கேட்பதால் பயனில்லை. மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்தால் மந்தமாகும். உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள். முதுகு, முகம், வயிறு, பின்பாதம் என நான்கு படங்கள் எடுத்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிளேனியஸ் போன்ற தரை வண்டுப் பேரினங்களில் இனப்பெயர் கிடைக்காமல் போகலாம். அங்கே பல இனங்களைப் பிரிக்க ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். படத்தை மட்டும் வைத்திருந்தால் பதிவைப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.