அப்பா வீட்ல உக்காந்து கணக்கு பாக்க லேப்டாப்பா? 64ஜிபி பக்கம் போகாதீங்க

போன வாரம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் லேப்டாப் லிங்க் அனுப்பி, "அண்ணா, அப்பாவுக்கு வாங்கலாம்னு இருக்கேன், சும்மா டேலியும் மெயிலும்தான, இது போதும்ல?"ன்னு கேட்டான். (டேலிங்கறது கடைக் கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்.) திறந்து பாத்தா 4ஜிபி ரேம், 64ஜிபி இஎம்எம்சி. 2021ல நான் எங்கப்பாவுக்கு வாங்கினதும் அச்சு அசலா இதேதான், "சும்மா டேலியும் மெயிலும்தான"ன்னு நானும் அன்னைக்கு சொன்னேன். அதான் எதையெல்லாம் தவிர்க்கணும்னு எழுத உக்காந்துட்டேன். பில் வாங்கு, வாரன்டி பாருங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுர்றேன்.

64ஜிபி இஎம்எம்சி

இஎம்எம்சிங்கறது போர்டுலயே சால்டர் பண்ணி வச்ச மெமரி. எஸ்எஸ்டி மாதிரி கழட்டிட்டு பெருசா போட முடியாது. 64ன்னு போட்டிருந்தாலும் விண்டோஸ்ல காட்டுறது 58 கிட்டதான், அதுல பாதிய விண்டோஸே எடுத்துக்கும், அப்புறம் டேலி, பிரின்டர் டிரைவர், குரோம், கடைக்காரங்க வாட்ஸப்ல அனுப்புற பிடிஎஃப்னு ஒவ்வொண்ணா ஏறும், நடுவுல ஒரு பெரிய அப்டேட் வந்தா அதுக்கே பல ஜிபி காலியா வேணும்.

அப்பா ரிட்டயர் ஆனப்புறம் ஈரோட்ல நாலு கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்குறார். ஆறு மாசம் ஓடிச்சு. அப்புறம் தினமும் போன், "இடம் இல்லைங்குது கண்ணு, எதை அழிக்கிறது?" நான் சென்னைல உக்காந்துக்கிட்டு அத அழிங்க இத அழிங்கன்னு சொல்லி, கடைசில ஒரு யோசனை வேற குடுத்தேன், டேலி டேட்டாவ பென்டிரைவ்ல போட்டு அதுலருந்தே ஓட்டுங்கன்னு. இத நினைச்சா இன்னமும் எனக்கு எரிச்சலா வருது. ஒரு நாள் காலைல பென்டிரைவ் டிடெக்டே ஆகல. கைல இருந்த பேக்கப் ரெண்டு மாசம் பழசு. 20ஆம் தேதிக்குள்ள 3பி, அதாவது ஜிஎஸ்டி மாச ரிட்டர்ன், போடணும். அறுபத்திரெண்டு வயசுல அவர் வண்டிய எடுத்துட்டு நாலு கடைக்கும் போய் பில் புக் கட்டுகளை வாங்கிட்டு வந்து, ஒன்பது நாள் ராத்திரி பகலா திரும்ப என்ட்ரி போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டல. நான் மிச்சம் பிடிச்சது ஏழாயிரம் ரூபாய்.

அதனால 8ஜிபி ரேம், 256ஜிபி எஸ்எஸ்டி, இதுக்குக் கீழ இறங்காதீங்க. 512 கிடைச்சா இன்னும் நல்லது. விளம்பரத்துல வெறுமனே "ஸ்டோரேஜ் 256ஜிபி"ன்னு மட்டும் இருந்தா எஸ்எஸ்டியா இஎம்எம்சியான்னு கேளுங்க. கடைல ரெண்டு கேள்வி கண்டிப்பா கேக்கணும்: ரேம் போட ஸ்லாட் இருக்கா, எஸ்எஸ்டி போட எம்.2 ஸ்லாட் இருக்கா. ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா அந்த மாடல் வேண்டாம், பின்னாடி எதுவும் ஏத்த முடியாது.

பழைய பிராசஸர்

செகண்ட் ஹேண்ட்ல ஆபீஸ் லேப்டாப் வாங்குறது தப்பே இல்ல, உடம்பு கெட்டியா இருக்கும், கீபோர்டும் நல்லாருக்கும். ஆனா இன்டெல்னா 8வது ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11 அந்தப் பழசுல முறைப்படி ஏறாது. ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் பாக்குற மெஷின்ல செக்யூரிட்டி அப்டேட் இல்லாம இருக்கக் கூடாது.

குரோம்புக்

இது விண்டோஸ் இல்லாம கூகுளோட குரோம் ஓஎஸ்ல ஓடுற லேப்டாப். கணக்கு வேலைக்கு வேண்டாம். டேலி விண்டோஸ் சாஃப்ட்வேர்.

எஸ் மோட்

சில லேப்டாப்ல விண்டோஸ் இந்த பூட்டு போட்ட மோட்லதான் வரும். செட்டிங்ஸ்ல போய் வெளிய வந்துருங்க, காசு கிடையாது. அதுல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருக்கறது மட்டும்தான் ஏறும்.

கீபோர்டையும் யூஎஸ்பியையும் பாக்காம வாங்குறது

கணக்கு போடுறவங்க வலது கை எப்பவும் நம்பர் பேட்லதான் இருக்கும். 14 இன்ச்ல பெரும்பாலும் அது இருக்காது, 15.6 இன்ச்லயும் சிலதுல இல்ல, படத்தைப் பெருசு பண்ணி பாருங்க. அப்புறம் டேலில எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். நிறைய லேப்டாப்ல அந்தக் கீயெல்லாம் வால்யூம், வெளிச்சம்னு வேற வேலை பாக்கும், அப்பா எஃப்8 அமுக்குறார், வவுச்சர் வரமாட்டேங்குது, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறார். எஃப் கீயெல்லாம் நேரா வேலை பாக்குற மாதிரி எஃப்என் லாக் போட்டுக் குடுத்துருங்க. கம்பெனி, எல்எல்பி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்குற யூஎஸ்பி) வேணும், அது பெரும்பாலும் பழைய மாதிரி அகலமான யூஎஸ்பிதான், கூட மவுஸ், பிரின்டர். அந்த போர்ட் குறைஞ்சது ரெண்டு இருக்கணும்.

டச் ஸ்கிரீன்

தேவையில்ல.

பார்சல்ல அனுப்பி வைக்கிறது

ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்க. பக்கத்துல உக்காந்து பழைய டேட்டா, பிரின்டர், டோக்கன் டிரைவர் எல்லாம் போட்டு, எழுத்து அளவை 125, 150 சதவீதம்னு வச்சு எது கண்ணுக்கு சிரமமில்லாம இருக்குன்னு அவங்களையே கேளுங்க. டேலி பேக்கப் வெளிய ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுக்கறத அவங்க கையாலயே ரெண்டு தடவை பண்ணச் சொல்லுங்க. எங்கப்பா இப்ப சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்து முடிச்சுட்டுதான் டீ குடிக்கப் போறார்.