விண்ட்மில் சுழல்வதற்கு முன் சரியப் பழகுங்கள்

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்துப் பழக வருபவருக்கு, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் முதல் நாளே சதங்கை கட்டிவிடுவதில்லை; தாளக்கட்டுக்கு ஆட்டம் பிடிபட்டு, மாதக்கணக்கில் கால் பழகிய பின்னரே அந்த நாள் வருகிறது. பிரேக் டான்ஸில் விண்ட்மில்லைப் பழக விரும்புவோருக்கும் அதே பொறுமை வேண்டும், ஏனெனில் கால்களை அகல விரித்துத் தோளிலும் மேல்முதுகிலும் உருண்டு சுழலும் இந்த அசைவில், அவசரப்படுபவரின் பாரம் கழுத்திலேயே போய் இறங்குகிறது.

கல்லடிக் கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் அங்கே பழகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குட்டிக்கரணத்துக்கு அது பொருந்தலாம்; விண்ட்மில்லுக்குப் பொருந்தாது. தோள் மணலில் புதைந்து நின்றுவிட, கால்களின் வேகம் உடலைத் தொடர்ந்து திருப்புவதால் கழுத்து முறுகும். பன்பாயோ சீமெந்துத் தரையில் வழுக்கும். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய காட்போட் மட்டையை விரித்து, விளிம்புகளைத் தரையோடு ஒட்டிக்கொள்வதே நல்லது. மடிப்புகளில் இருக்கும் கம்பி ஊசிகளை முதலில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுங்கள். நான் கவனிக்காமல் விட்ட ஒன்றின் தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது. வியர்த்த வெறுந்தோல் மட்டையில் ஒட்டி இழுபடும் என்பதால், கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் காலத்திலும் முழுக்கைச் சட்டை அணிந்து, வெயில் ஏறுமுன் பழகுங்கள்.

மணிக்கட்டு, தோள், கழுத்து மூன்றையும் பத்து நிமிடமாவது அசைத்துச் சூடாக்கிய பின் தாங்கு நிலையில் தொடங்குங்கள். இடது முழங்கையை மடக்கி, விலாவுக்குக் கீழே இடுப்பெலும்பின் உட்புறத்தில் ஊன்றி, இரு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, கால்களை உயர்த்த வேண்டும். இதில் பத்து விநாடி நிற்க முடியாதவர் அடுத்த படிக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது சரிவு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சுழற்சி ஒரே வீச்சாகத் தோன்றியிருக்கும். உண்மையில் முன்கை, புயம், தோளின் வெளிப்புறம், மேல்முதுகு என்ற வரிசையில் உடல் தரையைத் தொடுகிறது. நாடியை (மோவாயை) நெஞ்சோடு ஒடுக்கி, தலையை வலப்பக்கம் ஒதுக்கி, இந்தச் சரிவை மட்டும் சில நாட்கள் மெதுவாகச் செய்யுங்கள்.

முதுகிலிருந்து மீண்டும் தாங்கு நிலைக்குத் திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலானோர் சிக்கிக்கொள்கிறார்கள். களைத்ததும் கால்கள் தாமாக ஒடுங்க, இடுப்பு தரையில் இடித்து, சுழற்சி நின்றுவிடுகிறது. அப்போது தலையை ஊன்றித் தள்ளத் தோன்றும். அதைச் செய்யாமல், மல்லாந்த நிலையில் கால்களை அகலமாக வீசி, இடுப்பை உயர்த்தி, வலது தோளின் மேலாக உருண்டு முழங்கையை ஊன்றும் பகுதியைத் தனியாகப் பழகுங்கள். நண்பர் காலைப் பிடித்துச் சுற்றிவிடுவது உதவியல்ல. அவர் எட்ட நின்று பக்கவாட்டில் காணொளி எடுத்தால் பிழை தெரியும்.

கழுத்தில் வலியோடு கைகளில் விறைப்போ ஊசி குத்துவது போன்ற கூச்சமோ தோன்றினால், சுளுக்கு எடுக்க எவரையும் விடாமல், தலையை அசைக்காமல் அப்படியே படுத்திருந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள்.