"அது என் ஸ்லைடு இல்ல சார்": பிள்ளைகளைச் சேர்ந்து படிக்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வட்டார வள மையத்தில் ஒரு பயிற்சிக்குக் கருத்தாளராகப் போயிருந்தேன். பணியில் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஆசிரியை ஒருவர், தன் வகுப்புப் பிள்ளைகள் செய்த செயல்திட்டத்தைத் திரையில் காட்டினார். கூகுள் ஸ்லைட்ஸில் ஒரே கோப்பு. ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செய்தவர் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. அதே கோப்பை, கிட்டத்தட்ட அதே வண்ணத்தில், சில வருடங்களுக்கு முன்னால் நானும் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அதற்கு என் பிள்ளைகள் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

சார்ஜ் இருக்கிறதா, நெட் வருகிறதா, புரொஜெக்டர் கேபிள் பொருந்துகிறதா என்பதெல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பார்க்க வெற்றி போலவே இருக்கிற, அதனாலேயே வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிற தவறுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பங்கு பிரித்துக் கொடுப்பதைக் குழு வேலை என்று நினைப்பது

2019, எங்கள் பள்ளிக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்த புதிது. ஒன்பதாம் வகுப்புக்கு "எங்கள் ஊர் ஏரி" என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். ஒருவர் ஏரியின் வரலாறு, ஒருவர் வரைபடம், ஒருவர் பாசனம், ஒருவர் தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்ற காரணம், ஒருவர் படங்கள். பிபிடி பிரமாதமாக வந்தது. பார்வைக்கு வந்த அதிகாரி பிள்ளைகளைத் தட்டிக் கொடுத்தார். செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் வளரறி மதிப்பீடு (அ)வில் ஐந்து பேருக்கும் 20க்கு 20 போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வகுப்பில் சாதாரணமாகத்தான் கேட்டேன்: "கோடையில நம்ம ஏரித் தண்ணி ஏன்டா பச்சையாகுது?" கேட்டது அதே குழுவில் இருந்த ஒரு பையனிடம். அவன் எழுந்து நின்று, கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "அது என் ஸ்லைடு இல்ல சார்."

அவன் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. நான் சொன்னதைத்தான் அப்படியே செய்திருந்தான். அவனுடைய வேலை வரைபடம், அதை முடித்துவிட்டான். வயலில் போட்ட உரம் மழையில் ஏரிக்கு வருகிறது, அதைத் தின்று பாசி பெருகுகிறது, பாசி மட்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்கிறது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு ஏரியை ஐந்து துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, ஐந்து பேருக்கும் ஏரி தெரியும் என்று மதிப்பெண் போட்டது நான்தான்.

சரி, எல்லோரும் ஒரே கோப்பில் எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார்கள் என்று நினைத்தேன். 2021இல் பள்ளி திறந்த பிறகு கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னேன். இது முதல் தவறை விட மோசமாகப் போனது. ஒரு குழுவின் அறிக்கை மிக நன்றாக இருந்தது. ஏதோ தோன்றி, யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று காட்டும் அதன் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். முழுவதும் ஒரே கணக்கிலிருந்து, மூன்று இரவுகளில், பத்து மணிக்கு மேல் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்தக் குழுவில் ஒரு மாணவியின் வீட்டில்தான் போன் இருந்தது. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். நான்கு பேர் தாளில் எழுதிக் கொடுத்ததையும், எழுதவே கொடுக்காததையும், அவளே உட்கார்ந்து முடித்திருக்கிறாள். மறுநாள் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் யார் மேலும் குறை சொல்லவில்லை. "அடுத்த தடவை என்னைத் தனியாவே விட்டுடுங்க சார்" என்றாள்.

நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு, சேர்ந்து வேலை செய்வது என்றாலே மற்றவர் சுமையைத் தூக்குவது என்று நான் கற்றுக் கொடுத்திருந்தேன். இன்றும் புதிய ஆசிரியர்கள் அதே மாதிரி கோப்பைக் காட்டும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கோபம் அவர்கள் மேல் இல்லை. பயிற்சிகளில் நாம் கோப்பைப் பகிரச் சொல்லிக் கொடுக்கிறோம். பகிர்ந்த பிறகு பிள்ளைகள் ஒருவரோடொருவர் என்ன பேச வேண்டும் என்பதைச் சொல்லித் தருவதில்லை.

இதைச் சொன்னால் சிலர், "நாங்களும் ஜிக்சா முறையைத்தானே செய்கிறோம்?" என்று கேட்கிறார்கள். பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் ஒன்றில்லை. ஜிக்சா முறையை எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கினார். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே பள்ளியில் சேர்த்திருந்தார்கள், வகுப்பறையில் ஒரே பகை. அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். அதுவரை நாம் செய்வதுதான். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. ஒரே துண்டை வாங்கிய பிள்ளைகள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றாக உட்கார்ந்து அதைக் கற்பார்கள். அப்புறம் தங்கள் குழுவுக்குத் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசியில் முழுப் பாடத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே தேர்வு. பக்கத்துப் பையன் சொல்வதைக் கவனிக்காவிட்டால் நம் மதிப்பெண்தான் போகும். அதனால் பிடிக்காதவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

இப்போது ஏரிப் பாடத்தை இப்படித்தான் நடத்துகிறேன். குழுவுக்கு நான்கு பேர், நான்கு கேள்விகள். முதல் நாள் ஒரே கேள்வி உள்ளவர்கள் ஒன்றாகப் படிப்பார்கள். கூகுள் எர்த்தில் எங்கள் ஏரியின் பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்து, ஆகாயத்தாமரை எந்தப் பக்கத்திலிருந்து பரவியது என்று பார்ப்பார்கள். இரண்டாம் நாள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் குலுக்கலில் ஒரு பெயர் எடுப்பேன். அவர் படிக்காத கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குக் கிடைப்பதுதான் குழுவின் மதிப்பெண்ணில் பாதி. மீதிப் பாதி தனித்தேர்வு. பிபிடி வேண்டுமானால் செய்யலாம், அதற்கு மதிப்பெண் கிடையாது.

முதல் தடவை வகுப்பே சந்தையாகிவிடும். இரண்டு பாடவேளை வீணானது போலத் தோன்றும். அங்கே பயந்துபோய்ப் பழைய முறைக்குத் திரும்பாதீர்கள்.

விடை தெரிந்தவன் முதலில் வாயைத் திறப்பது

குழு விவாதம் என்று ஆரம்பித்ததுமே முதல் ரேங்க் பையன் விடையைச் சொல்லிவிடுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், 1991 முதல் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டார். கேள்வியைக் கேட்டதும் ஒவ்வொருவரும் பேசாமல் தன் விடையைப் பதிய வேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதாட வேண்டும். அப்புறம் மறுபடி பதிய வேண்டும்.

நம் வகுப்பில் இதற்குப் பிளிக்கர்ஸ் செயலி போதும். பிள்ளைகள் கையில் அட்டை, ஆசிரியர் கையில் ஒரு போன். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள் என்பதை வைத்து விடையைப் போன் படித்துக்கொள்ளும், பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. போனும் இல்லையென்றால் சிலேட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கருவி வந்த பிறகு பாடத்தை யோசிப்பது

பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் 15 மாதம் கவனித்து, 2012இல் ஆய்வு வெளியானது. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. கணக்கிலும் மொழியிலும் எந்த மாற்றமும் இல்லை.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது காளிக்குப்பம். கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் குழுவினர் அந்தத் தென்னிந்தியக் கிராமத்தில், தமிழ் மட்டுமே பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பாடம் இருந்த கணினியை விட்டுவிட்டுப் போனார்கள். தாங்களாகவே கூடிக் கற்று, தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து 30 விழுக்காடு வரை வந்தார்கள். பாடமே தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைப் பக்கத்தில் இருந்து "அட, எப்படிச் செஞ்சே?" என்று கேட்கச் சொன்ன பிறகு, அது 50ஐத் தொட்டது என்று 2010இல் வெளியிட்டார்கள். இந்த முடிவுகளை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. கூடி உட்கார்ந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. பக்கத்தில் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை.

மவுஸ் ஒரே கையில் இருப்பது

வீட்டில் கணினி உள்ள பிள்ளை, பெரும்பாலும் பையன், மவுஸைப் பிடித்தால் விடமாட்டான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்துக் கை மாற்றுங்கள். மவுஸ் பிடித்தவர் பேசக்கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும்.

ஒரு குழுவில் எட்டுப் பேர்

நான்கு போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாடம் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பது

நீல டிக் விழுந்தது அப்பாவின் போனில்.

ஏஐயிடம் விடை வாங்கிக் கோப்பில் ஒட்டவிடுவது

தடை போட்டுப் பயனில்லை. எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். நானே வகுப்பில் திரையில் வைத்து, எங்கள் ஏரி ஏன் பச்சையாகிறது என்று கேட்டேன். நல்ல தமிழில் ஐந்து காரணங்கள் வந்தன. ஒவ்வொரு குழுவும் ஐந்தையும் எங்கள் ஏரியோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாததை அடிக்க வேண்டும், ஏன் அடித்தோம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது காரணம் தொழிற்சாலைக் கழிவு. நன்றாகப் படிக்கிற குழுக்கள் அதை அப்படியே விட்டுவிட்டன. மடைக்குப் பக்கத்தில் வீடு உள்ள பையன் ஒருவன், வகுப்பில் அதிகம் பேசாதவன், கையைத் தூக்கினான். "நம்ம ஏரியைச் சுத்தி ஃபேக்டரியே இல்லையே சார். துணி துவைக்கிற சோப்புத் தண்ணிதான் வருது. அதை ஏன் போடல?"