உவரியிலிருந்து படகுக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு

டுசல்டார்ஃபில் 1969இல் தொடங்கிய பெரும் படகுக் கண்காட்சியைப் பார்க்க ஜெர்மனி வரை போக வேண்டும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கத்தார்க்குக் கொச்சியில் நடக்கும் கண்காட்சியே கைக்கெட்டியது. நெல்லையில் இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எறணாகுளத்தில் இறங்கிவிடலாம். கூட்டம் சேருமுன், வேலைநாள் ஒன்றின் முற்பகலிலேயே அரங்கினுள் நுழைந்துவிடுங்கள்.

கடலில் மிதக்கும் படகின் அடிப்பாகத்தை யாரும் பார்க்க முடியாது. அரங்கிலோ அது தாங்கிகளின்மேல் முழுதாகத் தெரியும் என்பதால், மெத்தை இருக்கைகளை விட்டுவிட்டு முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். விளக்கொளி சாய்வாக விழும் கோணத்தில் நின்றால் ஃபைபர் படகின் வெளிப்புற வழவழப்புப் பூச்சான ஜெல்கோட்டின் மேடுபள்ளங்கள் புலப்படும். விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டு, விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள்: கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால், அங்கே ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். என்ஜின் மாட்டும் பின்பலகையையும் இவ்வாறே சோதிக்கவும்.

நம் கரையில் அலையை வெட்டி ஏறி மணலில் இழுத்துவைக்க வேண்டியிருப்பதால், காயலுக்கென்று கட்டிய தட்டையான, கனத்த படகு எத்தனை அழகானாலும் நமக்கு ஆகாது. எடையைக் கேட்டு, நீள அகலங்களைச் சொந்த டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். (படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், கோபப்பட வேண்டாம்.)

அட்டையில் எழுதிய விலையில் என்ஜின், ஜிஎஸ்டி, லாரி வாடகை ஆகியவை அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உதிரிப்பாகம் தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ கிடைக்காத என்ஜினுக்கு, கண்காட்சியிலேயே முன்பணம் கட்டிவிடாதீர்கள்.